சொல்லிக்கொண்டு போவது

அக்டோபர் 7, திங்கள்

சென்னையில் எட்டு மாதம் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்த டீச்சர், கிளம்பும்போது இந்த நோட்டைக் கையில் கொடுத்து, "தினமும் அந்த மொழியிலேயே டைரி எழுது, தானா வாயில வந்துடும்" என்றார். நேற்று உட்கார்ந்தேன். "இன்று மழை. சோறு சாப்பிட்டேன். வேலை செய்தேன்." இந்த மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பரீட்சையில் பாஸானவள்தான் நான். ஆனால் பரீட்சையில் யாரும் பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசவில்லை. இன்றிலிருந்து தமிழில்தான் எழுதப்போகிறேன். டீச்சருக்குத் தெரியவா போகிறது.

வந்து ஒன்பது நாள் ஆகிறது. கடலோரச் சிறு ஊர். முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் எனக்கு வேலை. பதினெட்டுப் பேர், எல்லோருக்கும் மறதி நோய். குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவது. சுரண்டையில் ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் செய்த வேலைதான். கைக்கு எல்லாம் தெரிகிறது, வாய்க்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. ஆவுடைச்செல்வி என்ற பெயரை இவர்களால் சொல்ல முடியவில்லை. செல்வி போதும் என்றேன். அதுவும் "செருபி-சான்" ஆகிவிட்டது. சான் என்பது மரியாதை. மரியாதை கிடைத்தால் பெயர் கொஞ்சம் அடிபட்டாலும் பரவாயில்லை.

அறையில் என்னோடு வியட்நாம்காரி லியென். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது உடைந்த ஜப்பானியம் மட்டும். அதனால் சண்டை போட முடியாது.

இரவு எட்டரைக்கு வீட்டுக்குப் போன் செய்தேன். அங்கே மாலை ஐந்து மணி, பூரணி பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். அவளைப் பார்த்துக்கொள்ளும் உலகம்மா அக்காதான் எடுத்தாள். "அவ வெளிய வெளையாடுதாட்டி. கூப்புட்டா வர மாட்டேங்கா." நான் வந்ததிலிருந்து ஒருநாள்கூட என் மகள் போனுக்கு வரவில்லை. ஆறு வயதில் யாருக்குப் போன் பிடிக்கும்? கிளம்பிய அன்று விடியற்காலை மூன்றரைக்குக் கார் வந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை.

பூரணியின் அப்பாவைப் பற்றி இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை. அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறது. அங்கே யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

அக்டோபர் 9, புதன்

குப்பை போட நான்கு நிறத்தில் பை. இன்று தவறான பையில் போட்டுத் திரும்பி வந்துவிட்டது. குப்பைக்கும் மொழி தெரிய வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 12, சனி

காலையில் வேலைக்குப் போகும்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு சின்னப் பெண் வாசலில் நின்று, உள்ளே பார்த்து, "இத்தெகிமாஸ்!" என்று கத்திவிட்டு ஓடினாள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல், "இத்தெராஷ்ஷாய்!" என்றது.

வகுப்பில் படித்ததுதான், அன்றைக்குப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. போய்விட்டு வருகிறேன். போய்விட்டு வா. நம்முடையதேதான்! இந்த ஊரில் சோறு வேறு, குளியல் வேறு, கும்பிடுவது வேறு. இது ஒன்று மட்டும் அப்படியே நம் வீட்டு வாசலிலிருந்து எடுத்து வந்ததுபோல் இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவில் ஆள் இல்லை, நல்ல வேளை.

நான்கு மணிக்கு வேலை முடிந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி "இத்தெகிமாஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்றவர்கள் சும்மா பார்த்தார்கள். ஹிகுச்சி-சான் என்ற பாட்டி மட்டும் தலை நிமிர்ந்து, தெளிவாக, "இத்தெராஷ்ஷாய்" என்றார்.

அக்டோபர் 19, சனி

ஹிகுச்சி-சானுக்கு எண்பத்தெட்டு வயது. இளம் வயதில் இந்த ஊர்ப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவராம். கையைப் பிடித்து நடைகூடத்தில் நடத்திப் போனால் போதும், நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். குளியலறை வந்தால் மீன் சந்தை. சாப்பாட்டு மேஜை வந்தால் நகராட்சி அலுவலகம். நானும் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். ஊரை இன்னும் சுற்றிப் பார்க்கவில்லை, நிறுத்தம் எல்லாம் வரிசையாகத் தெரிந்துவிட்டது.

மற்றவர்கள் பேசினால் பாதி புரியாது. இவர் பேசினால் எல்லாம் புரிகிறது. தினமும் அதே பேச்சு என்பதும் ஒரு காரணம்.

அவரிடம் சொல்லாமல் ஒருநாளும் கிளம்புவதில்லை. வயதானவரிடம் "போறேன்" என்று எப்படிச் சொல்வது? நெஞ்சு கேட்காது. பக்கத்தில் குனிந்து இத்தெகிமாஸ் என்பேன். முகம் மலர்ந்து கையை ஆட்டுவார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இங்கே சாதாரண வியாழக்கிழமை. வீடியோவில் பூரணியின் முதுகைக் காட்டினாள் அக்கா. பச்சைப் பாவாடை. முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். இடுப்பு வரை இருந்த முடி.

"பேன் விழுந்துட்டுட்டி, வேற என்ன செய்ய?" என்றாள் அக்கா. சரிதான், பேன் வந்தால் வெட்டத்தான் வேண்டும். "பூரணி, அம்மா பாரு" என்றேன். முதுகு நகர்ந்து வெளியே போய்விட்டது.

நவம்பர் 6, புதன்

எனக்கு ஒரு முத்திரை செய்து கொடுத்திருக்கிறார்கள். விரல் நீளத்துக்கு இருக்கிறது, அடியில் என் பெயர். காலையில் வந்ததும் முதல் வேலை, முந்தைய ஷிஃப்ட்டில் எழுதி வைத்த நோட்டைப் படித்துவிட்டு, படித்தேன் என்பதற்கு அந்தப் பக்கத்தில் முத்திரை வைக்க வேண்டும். எழுத்தெல்லாம் அவசரக் கையெழுத்தில் சித்திர எழுத்து. எனக்கு எண்கள் புரியும், காய்ச்சல், மாத்திரை, மலம் என்ற சொற்கள் புரியும். மீதியை யாராவது வாயால் சொல்லிவிடுவார்கள் என்று முத்திரையைக் குத்திவிடுகிறேன். சிவப்பு மையில் என் பெயர் அழகாக விழுகிறது.

நவம்பர் 15, வெள்ளி

இன்று ஒரு சந்தோஷம். அந்த நோட்டில் என் பெயர் வருகிறது! வெளிநாட்டுப் பெயரைத் தனி எழுத்தில் எழுதுவார்கள், அது எனக்கு நன்றாகப் படிக்க வரும். மாலை ஷிஃப்ட்டில் இருக்கும் ஓமோரி-சான்தான் எழுதுகிறார். பின்னால் புரட்டிப் பார்த்தேன். மூன்று வாரமாக அனேகமாக எல்லா நாளும், ஹிகுச்சி-சான் பெயருக்குப் பக்கத்தில் செருபி-சான், செருபி-சான். புதிதாக வந்தவள் அந்த அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று எழுதியிருக்கிறார் போல. ஓமோரி-சான் என்னிடம் பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை. வாயால் புகழாமல் நோட்டில் புகழ்கிறார். இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான்.

அக்காவிடம் சொன்னேன். "பூரணிட்டயும் சொல்லுக்கா, அம்மா பேரை எழுதி வச்சிருக்காவன்னு." அக்கா, "சொல்லுதேன்" என்றாள். அவள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தாளாம்.

நவம்பர் 22, வெள்ளி

புகழ்ச்சியை வார்த்தை வார்த்தையாகப் படித்து அக்காவுக்கு அனுப்பலாம் என்று நேற்று நோட்டைப் போட்டோ எடுத்து வந்தேன். லியெனுக்குச் சித்திர எழுத்து என்னைவிட நன்றாக வரும். இருவரும் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"ஹிகுச்சி-சான். இரவு உணவு பாதி. செருபி-சான் வரட்டும், சேர்ந்து சாப்பிடுகிறேன் என்கிறார். வாசலில் செருப்பு அலமாரி எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்."

அடுத்த நாள்: "உணவு கால் பங்கு. செருபி-சானுக்கு என்று மீனைத் தாளில் சுற்றி வைத்தார். வாசலில் காத்திருந்தார்."

அதற்கடுத்த நாள்: "செருபி-சான் விடுமுறை. காலையிலிருந்து வாசலில். அழுதார்."

நான்கு வாரம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், படித்தேன் என்று என் முத்திரை.

லியென்தான் மெதுவாகச் சொன்னாள். அந்தச் சொல்லைத் தன் சொந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்தான் சொல்வார்களாம். சொன்னவர் அன்றைக்கே அந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வந்து, "தடாய்மா, வந்துவிட்டேன்" என்று வாசலில் குரல் கொடுக்கும்வரை வீட்டில் இருப்பவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். வேலை இடத்திலிருந்து வீட்டுக்குப் போகிறவள் அதைச் சொல்வதில்லை. நமக்கு அது விடைபெறும் பேச்சு. யாரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். ஹிகுச்சி-சான் உட்கார்ந்திருக்கிறார்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. வெட்கம் பாதி, மீன் பாதி. அந்த மீனைத் தாளில் சுற்றும் கையை நான் தினமும் கழுவி விடுகிறேன்.

நவம்பர் 23, சனி

தளப் பொறுப்பாளர் நகாதா-சானிடம் போய், புரியாமல் முத்திரை வைத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நாற்பது வயது மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாது. "முத்திரை இருந்ததால் படித்துவிட்டீர்கள் என்று நினைத்தோம். தெரிந்தும் சொல்கிறீர்கள் என்றால் உங்கள் நாட்டு வழக்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மறுபடி கேட்டேன். இப்படியே கொஞ்ச நேரம் குனிந்து குனிந்து நிமிர்ந்தோம்.

பிறகு வழி சொன்னார். சலவை அறைக்குப் பக்கத்தில் பின்வாசல் இருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் போகிறார்களாம், யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லையாம். வீட்டுக்குப் போகிறேன் என்றால் இவர்களும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்துவிடுவார்கள். "பார்க்காத நேரத்தில் போய்விடுங்கள். கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார். அவருக்கும் அதுதான் சுலபம்."

அவருக்கும் அதுதான் சுலபம். இதை நானும் ஒரு தரம் சொல்லியிருக்கிறேன், அக்காவிடம்.

நவம்பர் 24, ஞாயிறு

ஹிகுச்சி-சான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாக வந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. ஏன் அப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை, அது சத்தமே போடாத ரப்பர் செருப்பு.

நவம்பர் 28, வியாழன்

நோட்டில்: "ஹிகுச்சி-சான். இரவு உணவு முழுவதும். அமைதியாக இருந்தார்." நான்கு நாளாக இதே வரிதான். இப்போது அகராதி வைத்து ஒவ்வொரு வரியும் படித்துவிட்டுத்தான் முத்திரை. முக்கால் மணி நேரம் முன்னதாகவே வேலைக்குப் போகிறேன்.

ஆக, சொல்லாமல் போவதுதான் சரி. நகாதா-சான் அனுபவசாலி. பேசாமல் போய்விட்டால் மறந்துவிடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். நான் ஒன்றும் பெரிய தப்புச் செய்துவிடவில்லை.

இதை எதற்காக இவ்வளவு எழுதுகிறேன்?

டிசம்பர் 3, செவ்வாய்

முதல் பனி. லியென் வெளியே ஓடிப்போய் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். எனக்குக் காலில் பித்தவெடிப்பு.

டிசம்பர் 5, வியாழன்

ஒரு வாரமாக ஹிகுச்சி-சான் என்னை விடுவதில்லை. காலையில் நான் உள்ளே நுழைந்ததும் ஏப்ரன் நாடாவைப் பிடித்துக்கொள்கிறார். இன்னொருவருக்குச் சோறு ஊட்டப் போனால் பின்னால் வருகிறார். கழிப்பறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று தட்டுகிறார். திறந்தால் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார். நிறுத்தங்கள் சொல்வதை விட்டுவிட்டார். இன்று நடைகூடத்தில் நானாகவே "அடுத்து மீன் சந்தை" என்றேன். கேட்காதவர்போல நாடாவை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

இரவு உணவு முழுவதும் என்று நோட்டில் இருக்கிறது. உண்மைதான். பகலெல்லாம் நாடாவைப் பிடித்துக்கொண்டு அலைந்த களைப்பில் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். அவருக்கு நேற்று நடந்தது எதுவும் நிற்பதில்லை. ஆனால் இவள் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போய்விடுவாள் என்பது மட்டும் எங்கோ நிற்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

அக்காவிடம் ஹிகுச்சி-சான் கதையைச் சிரிப்பாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். ஏப்ரன் நாடா, கழிப்பறைக் கதவு. அக்கா சிரிக்கவில்லை.  ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"ஏட்டி செல்வி, ஒண்ணு சொல்லுதேன், அழக்கூடாது. இங்கனயும் அதே கததான். நீ போனதுலேருந்து என் முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டுதான் தூங்குதா. நான் குளிக்கப் போனா வாசல்ல ஒக்காந்துக்கிடுதா. வெளையாடவே போகல, நான்தான் உங்கிட்ட பொய் சொன்னேன். நீ அங்க நிம்மதியா வேல பாக்கணும்லா."

"பேன்னு சொன்னியேக்கா."

"பேனும் இல்ல ஒண்ணும் இல்ல. காலைல தல சீவி விடுதேன்னு அன்னைக்கு ராத்திரி சொல்லிட்டுப் போனியாம்லா? எங்கம்மாதான் சீவணும்னு சீப்பத் தொடவே விடல. பன்னெண்டு நாளு. சிக்கு விழுந்து, கடைசில வெட்டத்தான் வேண்டியதாப் போச்சு."

அழக்கூடாது என்றாள். அழுதேன். லியென் என்ன என்று கேட்கவில்லை, வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

டிசம்பர் 9, திங்கள்

ஆமாம், சொன்னேன். இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிவிடுவதாகச் சொன்னேன். சொல்லும்போது பெட்டி கட்டிலுக்கடியில் தயாராக இருந்தது.

டிசம்பர் 18, புதன்

இன்று மாதக் கூட்டம். ஒன்பது பேர். பேச வேண்டும் என்று நகாதா-சானிடம் நேற்றே கேட்டு வைத்திருந்தேன். ஐந்து நாளாக எழுதித் திருத்தி இரண்டு பக்கம் தயார் செய்திருந்தேன், லியென் பிழை பார்த்தாள். "முதியோர் பராமரிப்பில் நம்பிக்கையின் முக்கியத்துவம்" என்று ஏதோ பெரிதாக ஆரம்பிக்கும். எழுந்து நின்றேன். முதல் வரியிலேயே நாக்குப் புரண்டு, எந்த இடத்தில் இருக்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டது. தாளை மடித்து ஏப்ரன் பையில் வைத்துவிட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில் சொன்னேன்.

"எனக்கு ஒரு மகள். ஆறு வயது. மகள் தூங்கினாள். நான் சொல்லாமல் வந்தேன். காலையில் தலை சீவுகிறேன் என்று சொன்னேன். அது பொய். மகள் இப்போது என்னோடு பேசுவதில்லை. பெரியம்மாவின் உடையைப் பிடித்துத் தூங்குகிறாள். ஹிகுச்சி-சான் என் ஏப்ரனைப் பிடிக்கிறார். இரண்டும் ஒன்று. இரண்டும் நான் செய்தது. பின்வாசல் வேண்டாம். நான் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தயவுசெய்து."

தமிழில் என்றால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். குடும்பச் சூழ்நிலை என்றிருப்பேன். மனசைக் கல்லாக்கிக்கொண்டு என்றிருப்பேன். அவள் நல்லதுக்குத்தானே என்று முடித்திருப்பேன், கேட்கிறவர்களும் பாவம் என்றிருப்பார்கள். அந்த வார்த்தைகள் ஒன்றும் ஜப்பானியத்தில் எனக்குத் தெரியாது. தெரிந்த வார்த்தைகளை வரிசையாக வைத்தேன், வைத்து முடித்தபோது நான் செய்தது மட்டும்தான் அங்கே இருந்தது. எனக்கே அது அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டது.

 முதலில் பேசியவர் ஓமோரி-சான். "நோட்டில் எழுதாமல், உங்களிடம் வந்து வாயால் சொல்லியிருக்க வேண்டும். நானும் பின்வாசல் வழியாகத்தான் போயிருக்கிறேன்" என்றார். நகாதா-சான் இரண்டு வாரம் சோதித்துப் பார்க்கலாம் என்றார். சாப்பாடு குறைந்தால் நிறுத்திவிட வேண்டும். சரி என்றேன்.

டிசம்பர் 19, வியாழன்

நான்கு மணிக்கு ஹிகுச்சி-சான் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். முகத்துக்கு நேரே முகம்.

"ஹிகுச்சி-சான், என் வேலை முடிந்தது. நான் என் வீட்டுக்குப் போகிறேன். என் வீடு இது இல்லை. இரவில் இங்கே வர மாட்டேன். ஓமோரி-சான் இருக்கிறார். நாளை காலை ஏழு மணிக்கு நான் வருவேன்."

வயதானவரிடம் போகிறேன் என்று சொல்லியேவிட்டேன்.

நாடாவை விடவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீடு எங்கே?" என்றார். சொன்னேன். முகம் மாறியது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "அப்படியானால் தென்னகர் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். ஆறாவது. தூங்கிவிடாதீர்கள்" என்றார். நாடாவை விட்டுவிட்டு, இல்லாத பையிலிருந்து இல்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். முன்வாசல் வழியாக வந்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

நோட்டில்: "இரவு உணவு பாதி. வாசலில் இருபது நிமிடம்."

டிசம்பர் 24, செவ்வாய்

"உணவு முக்கால். வாசலுக்கு வரவில்லை. செருபி-சான் எங்கே என்று ஒருமுறை கேட்டார். காலை ஏழுக்கு என்றதும், தெரியும் என்றார்." கடைசியில் ஓமோரி-சான் எனக்குப் புரியவேண்டும் என்று சுலப எழுத்தில் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார்: "பகலில் நாடாவைப் பிடித்தாரா?"

அதன் கீழே எழுதினேன். "இரண்டு முறை." அந்த நோட்டில் நான் எழுதிய முதல் வரி இது.

டிசம்பர் 29, ஞாயிறு

ஹிகுச்சி-சானிடம் சொல்வதற்கு ஒன்பது பேர் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. பூரணியிடம் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனாலும் பத்து நாள் தள்ளிப்போட்டேன்.

இன்று அரைப் பரீட்சை லீவு. அக்காவிடம் சொன்னேன், "அவள பேசச் சொல்லாண்டாம். போனை அவ பக்கத்துல தரையில வச்சிட்டு நீ அடுப்படிக்குப் போயிரு, அக்கா." அக்கா வைத்துவிட்டுப் போனாள். எனக்கு மின்விசிறியும் உத்தரமும் தெரிந்தன. அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. சளி பிடித்திருக்கிறது.

கூட்டத்தில் பேசியதுபோலவே பேசினேன், தமிழில். "பூரணி, அம்மா பேசுதேன். அன்னைக்கு ராத்திரி, காலைல தல சீவி விடுதேன்னு சொன்னேன். அது பொய். விடியுமுன்னால கார் வரும்னு எனக்குத் தெரியும். நீ அழுவன்னு பயந்து எழுப்பல. தப்பு செஞ்சது நான்தான். நீ ஒண்ணும் செய்யல. இப்ப நான் ஜப்பான்ல இருக்கேன். ரொம்ப தூரம். அடுத்த வருஷம் அக்டோபர் மாசம்தான் வர முடியும். அதுக்கு முன்னால வர மாட்டேன். தெனமும் இந்நேரத்துக்குப் போன் பண்ணுவேன்."

 கொலுசுச் சத்தம் கேட்டது, தள்ளித் தள்ளிப் போனது. கதவு திறந்து சாத்தியது. போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லாமல்.

போனை வைக்க மனம் வரவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. தெருவில் யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். லியென் சாப்பிடக் கூப்பிட்டாள், பிறகு என்றேன். சார்ஜ் குறைந்தது, கம்பியைச் செருகிக்கொண்டேன். இனி வர மாட்டாளோ என்று நினைத்தேன். அந்தப் பயத்தை இத்தனை மாதமாக அந்தச் சின்ன உடம்பில் வைத்திருக்கிறாள் என்றும் நினைத்தேன்.

நாற்பது நிமிடம் கழித்து மின்விசிறியை மறைத்துக்கொண்டு ஒரு முகம் குனிந்தது. வெட்டிய முடி இரண்டு பக்கமும் தொங்கியது. முன்பல் ஒன்று இல்லை. எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

"இன்னும் இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்."

"நான் சொல்லாமத்தான போனேன்."

"ஆமா."

"தேடுனியா?"

"ரொம்பத் தேடுனேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னையே பார்த்தாள். "நானுந்தான் அன்னைக்குத் தேடுனேன்" என்றாள்.

எங்கெல்லாம் என்று கேட்டேன்.

"மொதல்ல பாத்ரூம்ல பாத்தேன். அப்புறம் மச்சுல. அப்புறம் அடுப்படில, கதவுக்குப் பின்னாடி. அப்புறம் கட்டிலுக்கு அடியில பாத்தேன், பெட்டி இல்ல. அப்புறம் மறுபடியும் பாத்ரூம்ல பாத்தேன்."

ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.